மின்னல் விழுந்த கோடையும் ஒரு சிறுவர் நாவலும்

1974ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். அமெரிக்காவின் டெலவேர் மாநிலக் கடற்கரையில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி மின்னல் தாக்கி இறந்தாள். மேரிலாந்து மாநிலத்து டகோமா பார்க் என்னும் ஊரில் அவளுக்கு உற்ற தோழனாயிருந்தவன் டேவிட் என்னும் சிறுவன். அவன் தந்தை பிரஸ்பிட்டேரியன் சபைப் போதகர். தாய் கேத்தரின் பேட்டர்சன். கடவுள் தன்னை வெறுக்கிறார், அதனாலேயே தன் தோழியைக் கொன்றார், அடுத்துத் தன் தங்கையையும் எடுத்துக்கொள்வார் என்று அச்சிறுவன் தாயிடம் கூறினான். போதகர் வீட்டில் வளர்ந்த பிள்ளையின் வாயிலிருந்து வந்த சொற்கள் இவை. அதே ஆண்டின் வசந்த காலத்தில்தான் அத்தாய் புற்றுநோய்க்காக அறுவை மருத்துவம் செய்துகொண்டிருந்தார்.

கேத்தரின் பிறந்தது 1932இல், சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில். பெற்றோர் மறைப்பணியாளர்கள். அவர் முதலில் பேசிய மொழி சீனம். ஜப்பானியப் படையெடுப்பால் குடும்பம் இருமுறை சீனாவை விட்டு வெளியேற நேர்ந்தது. தாய்நாடு எனப்பட்ட அமெரிக்காவிலோ அவர் அந்நியராகவே இருந்தார். முதல் வகுப்பில் படிக்கையில், வேலண்டைன் நாளன்று பிள்ளைகள் ஒருவருக்கொருவர் வாழ்த்து அட்டை வழங்கிக்கொண்டபோது, அவருக்கு ஒன்றுகூட வரவில்லை. பல்லாண்டுகளுக்குப் பின், அதைப்பற்றி ஏன் ஒரு கதையும் எழுதவில்லை என்று அன்னை கேட்டாராம். தம் கதைகள் அனைத்துமே அந்நாளைப் பற்றியவைதாம் என்பதே மகளின் மறுமொழி.

சிறுவயதில் எந்த நாட்டுப் படைவீரரைக் கண்டு நடுங்கினாரோ அந்த ஜப்பானுக்கே 1957இல் அவர் மறைப்பணியாளராகச் சென்றார். அங்கே கழித்த நான்காண்டுகள் அவருடைய அச்சத்தை அன்பாக மாற்றின. அவருடைய முதல் மூன்று நாவல்களும் பழைய ஜப்பானைக் களமாகக் கொண்டவை. முதல் நாவல் உருவான விதம் எளியது. நான்கு குழந்தைகளை வளர்த்துக்கொண்டிருந்த இல்லத்தரசியான அவரை, சபையைச் சேர்ந்த ஒரு பெண்மணி மாலைநேர எழுத்துப் பயிற்சி வகுப்புக்கு அழைத்தார். வாரம் ஓர் அத்தியாயம் எழுதினார். 1973இல் அது நூலாயிற்று.

தம் மகனின் துயருக்கு விளக்கம் தேடியே, 'பிரிட்ஜ் டு டெராபித்தியா' என்னும் நாவலை எழுதத் தொடங்கினார். வர்ஜீனியாவின் சிற்றூர்ச் சிறுவன் ஜெஸ்ஸும், நகரத்திலிருந்து குடிவந்த லெஸ்லியும் ஓடைக்கு அப்பால் ஒரு கற்பனை அரசை நிறுவுகிறார்கள். கயிற்றைப் பற்றி ஊசலாடித்தான் ஓடையைக் கடக்க வேண்டும். லெஸ்லி இறக்கும் இடத்தை நெருங்கியதும் எழுத்து நின்றுவிட்டது. அந்தச் சிறுமி மீண்டும் ஒருமுறை இறப்பதைக் காணத் தமக்குத் துணிவில்லை என்று தோழி ஒருவரிடம் கூறினார். அவரால் எதிர்கொள்ள முடியாதது சிறுமியின் சாவு அன்று, அவருடைய சொந்தச் சாவே என்றார் அத்தோழி. கேத்தரின் வீடு திரும்பி, கதவைச் சாத்திக்கொண்டு அந்த அத்தியாயத்தை எழுதினார்.

1977இல் நூல் வெளிவந்தது. மறு ஆண்டே நியூபெரி பதக்கம் பெற்றது. எனினும், பின்னர் அமெரிக்கப் பள்ளிகளிலும் நூலகங்களிலும் இருந்து அதை நீக்கக் கோரியோர் பலர். 1990களில் இவ்வாறு எதிர்ப்புக்குள்ளான நூல்களின் பட்டியலில் அது முதல் பத்து இடங்களுள் நின்றது. சிறுவன் 'ஆண்டவர்' என்னும் சொல்லை வியப்புச் சொல்லாக வழங்குகிறானாம். குழந்தைகளுக்குரிய கதையில் சாவு கூடாதாம். அவ்வெதிர்ப்பாளர்கள் அந்நூலை முழுமையாகப் படித்தனரா என்ற ஐயம் எனக்கு உண்டு. உயிர்ப்புப் பெருவிழாவன்று முதன்முறை கோவிலுக்கு வந்த லெஸ்லிக்கு இயேசுவின் கதை அழகாகத் தோன்றுகிறது. நம்பாதவர் நரகம் புகுவர் என்று ஜெஸ்ஸின் தங்கை எச்சரிக்கிறாள். சில நாள்களில் கயிறு அறுந்து லெஸ்லி இறக்கிறாள். அவள் நரகத்துக்கா போனாள் என்று மகன் கேட்க, அதிகம் பேசாத, உழைத்துக் களைத்த அந்தத் தந்தை, கடவுள் சிறுமிகளை நரகத்துக்கு அனுப்புவதில்லை என்கிறார். அவ்வளவே. விளக்கவுரை ஏதுமில்லை. கடவுள் தன்னை வெறுக்கிறார் என்று அஞ்சிய சிறுவனின் தாய், இதைவிட நீளமாக எதையும் எழுதாமல் விட்டதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அடுத்து வந்த 'தி கிரேட் கில்லி ஹாப்கின்ஸ்' (1978) பிறந்ததும் இத்தகைய நேர்மையில்தான். கம்போடியச் சிறுவர் இருவரை ஏறத்தாழ இரண்டு மாதம் வளர்ப்புத் தாயாகப் பேணியபோது, சில நாள்தானே என்ற எண்ணத்தில் அவர்களைத் தற்காலிகப் பொருள்களைப் போல் நடத்திவிட்டதாக அவரே ஒப்புக்கொண்டார். வீட்டுக்கு வீடு மாற்றப்பட்டுச் சினம் மிகுந்த கில்லி அக்குற்றவுணர்விலிருந்து பிறந்தவள். 1981இல் இரண்டாம் நியூபெரி பதக்கமும், 1998இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருதும் அவரை வந்தடைந்தன.

டெராபித்தியா நூலை அவர் தம் மகனுக்கென்றே எழுதியிருந்தார். கைப்படியைப் படித்து முடித்த டேவிட், காணிக்கைப் பக்கத்தில் தன் பெயரோடு தோழியின் பெயரையும் சேர்க்குமாறு கேட்டான். இரண்டு பெயர்களும் அச்சாயின. 2007இல் அந்நாவல் திரைப்படமானபோது, திரைக்கதை எழுதியோருள் ஒருவர் டேவிட் பேட்டர்சன்.