கருத்தடை: முடிவு யாருடையது?

கருத்தடை பற்றிப் பேசத் தொடங்கியதும் நம்மிடையே இரு குரல்கள் எழுவதைக் கேட்கலாம். இது தாய்மைக்கும் தருமத்துக்கும் இழுக்கு என்பது ஒரு குரல். ஏழைகள் பெறும் பிள்ளைகளே நாட்டின் வறுமைக்குக் காரணம் என்பது மற்றொரு குரல். முன்னது பழமைவாதியினுடையது, பின்னது சீர்திருத்தம் பேசும் கனவானுடையது. ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றும் இவ்விரு குரல்களுக்கும் பொதுவான குறையொன்றுண்டு. பத்து மாதம் சுமந்து, உயிரைப் பணயம் வைத்துப் பெறுபவளின் விருப்பம் யாது என்று இரண்டுமே கேட்பதில்லை. இலங்கையில் கருத்தடை பரவிய வரலாற்றை இக்கேள்வியை முன்வைத்தே நாம் நோக்க விரும்புகிறோம்.

பிள்ளைப்பேற்றைத் தவிர்க்கும் விருப்பம் மேனாட்டு மருந்துகளோடு கப்பலேறி வந்ததன்று. பால்குடியை மறக்கச் செய்யாது காலத்தை நீட்டுவதும், பிரசவத்தின் பின் தாய் வீட்டிலே தங்கிவிடுவதும் நம் பாட்டிமார் அறிந்த வழிகளே. இவை பயன்படாதபோது, யாருக்கும் தெரியாமல் உண்ட காரமருந்துகள் எத்தனையோ உயிர்களைக் குடித்திருக்கின்றன. குடியேற்ற ஆட்சியின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காப்பதற்கன்றி வேறெக் காரணத்துக்காகவும் கருச்சிதைவு செய்வதைக் குற்றமாக்கியது. அந்த ஆட்சி போய்விட்டது. அந்தச் சட்டம் இன்னும் போகவில்லை.

இத்தகைய சூழலிலேதான் 1937இல் டாக்டர் மேரி இரத்தினம் கொழும்பில் குடும்பத்திட்ட நிலையமொன்றைத் தொடங்கினார். கனடாவிலே பிறந்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்து, தமிழர் ஒருவரை மணந்து, இந்நாட்டுப் பெண்களின் வாக்குரிமைக்காகவும் போராடியவர் அவர். பிரசவ அறைகளில் அவர் கண்ட துன்பமே அவரை இப்பணிக்கு உந்தியது. ஏறக்குறைய அதே காலத்தில் தமிழகத்திலே பெரியார் ஈ. வெ. ராமசாமி இன்னும் ஒருபடி மேலே சென்றார். பிறர் நாட்டின் பொருளாதாரத்தையும் தாயின் உடல்நலத்தையும் காரணங்காட்டிக் கருத்தடையை ஆதரிக்க, அவரோ பெண் சுதந்திரமாக வாழ்வதற்கு அது வேண்டும் என வாதிட்டார். இந்த வேறுபாட்டை நாம் மனங்கொள்ளல் வேண்டும். பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இதுவே திறவுகோல்.

இலங்கைக் குடும்பத்திட்டச் சங்கம் 1953இல் தோன்றியது. சில்வியா பெர்னாண்டோ, டாக்டர் சிவா சின்னத்தம்பி முதலிய பெண்களே அதன் முன்னணியில் நின்றனர். இகழ்ச்சியையும் எதிர்ப்பையும் தாங்கி அவர்கள் ஆற்றிய தொண்டு பெரிது. ஆனால் அதே வேளையில் அரசாங்கத்தாரின் கவனத்தை ஈர்த்தது வேறொன்று. 1946இல் ஏறக்குறைய 66 இலட்சமாக இருந்த குடித்தொகை 1953இல் 80 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. மலேரியா அடக்கப்பட்டு, மரணங்கள் குறைந்ததே இதற்குத் தலையாய காரணம். 1958இல் சுவீடனுடன் உடன்படிக்கை செய்யப்பட்டது. பண்டாரகமைக் கிராமப் பகுதியும் தியகமைத் தோட்டப் பகுதியும் பரீட்சார்த்தக் களங்களாயின. 1965இல் குடும்பத்திட்டம் அரசாங்க சுகாதார சேவையின் அங்கமாயிற்று. மாத்திரையும் 'லூப்' என்னும் வளையமும் ஊர்தோறும் சென்றன. பெண் மனுஷி என்ற நிலை மாறிப் புள்ளிவிபரம் ஆகும் ஆபத்தும் அவற்றோடு கூடவே சென்றது.

இவ்விடயத்தில் இடதுசாரிகளாகிய நம்மவர் சிலர் தடுமாறியதையும் மறைப்பதற்கில்லை. மால்தஸின் கொள்கையை எதிர்க்கப் புகுந்தவர்கள் கருத்தடையையே முதலாளித்துவச் சூழ்ச்சி என ஒதுக்கிவிட்டனர். ஆனால் 1913இல் இதுபற்றி எழுதிய லெனின், வறுமைக்கு மருந்து பிள்ளைகளைக் குறைப்பதே என்ற புதிய மால்தஸ்வாதத்தைக் கடுமையாகச் சாடிய அதே கட்டுரையில், கருச்சிதைவைத் தண்டிக்கும் சட்டங்களும் கருத்தடை நூல்களைத் தடுக்கும் சட்டங்களும் நீக்கப்படல் வேண்டும் என்றும் கோரினார். சோவியத் நாடு 1920இல் கருச்சிதைவை அனுமதித்து, 1936இல் தடைசெய்து, 1955இல் மீண்டும் அனுமதித்தது. அரசின் தேவை மாறும்போதெல்லாம் பெண்ணின் உரிமையும் மாறுமாயின், அதனை உரிமை என்று அழைத்தல் பொருந்துமா?

இக்கேள்வி மிகக் கொடூரமாக எழுந்த இடம் நமது மலையகம். 1948ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் தொழிலாளரின் பிரஜாவுரிமையைப் பறித்தது. ஆணுக்குச் சமமான சம்பளம் தோட்டத்துப் பெண்ணுக்குக் கிடைத்ததோ 1984இலேதான். இடைநடுவே, 1980இல், கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்வோருக்கு அரசாங்கம் பணம் வழங்கத் தொடங்கியது. அத்தொகை 500 ரூபா வரை உயர்ந்தது. மாதம் முழுவதும் மலையேறிக் கொழுந்து பறித்தாலும் இலகுவில் கைக்கு வராத பணம் அது. அப்பெண்களிற் பலர் இனிப் பிள்ளை வேண்டாம் என்று உண்மையாகவே விரும்பியிருப்பர். அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் தற்காலிக முறைகளை விளக்கிச் சொல்ல ஆளில்லாத லயத்திலே, கடனும் பசியும் வாசலில் நிற்க, மீளமுடியாத ஒரு முறைக்கு மட்டும் பணம் நீட்டப்படுமாயின், அங்கே தெரிவு எங்கே இருக்கிறது? பின்னாளில் எடுக்கப்பட்ட கணிப்பீடுகளும், தோட்டப்பகுதியில் ஏனைய முறைகளைவிடச் சத்திரசிகிச்சையே மேலோங்கி நின்றதைக் காட்டின.

இதற்கு மாறான பாடமொன்றையும் நம் நாட்டு வரலாறே தருகின்றது. 1953இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி ஐந்துக்கு மேலாக இருந்த பிள்ளைப்பேறு, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ இரண்டாகக் குறைந்தது. 1987ஆம் ஆண்டுக் கணிப்பீட்டின்படி மணமான பெண்களில் 62 வீதத்தினர் ஏதோவொரு முறையைக் கையாண்டனர். அவர்களுள் மூன்றிலொரு பங்கினர் நாட்கணக்குப் பார்த்தல் போன்ற பழைய முறைகளையே நம்பியிருந்தனர். எவரும் பணங்கொடுத்து அவர்களைத் தூண்டவில்லை. இலவசக் கல்வி பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பியது. திருமண வயது உயர்ந்தது. குடும்பநல மாது வீடுதேடி வந்தாள். பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை தாய்க்கு ஏற்பட்டது. எழுத்தறிவும் வைத்திய வசதியும் பெற்ற பெண் தன் முடிவைத் தானே எடுத்தாள். அவ்விரண்டும் மிகக் குறைவாகக் கிடைத்த தோட்டத்திலேதான் பணம் பேசியது.

ஆசிரியர்களாகிய நமக்கு இதிலே பொறுப்பில்லையா? உயிரியல் நூலில் இனப்பெருக்கம் பற்றிய அத்தியாயம் வந்ததும், 'வீட்டிலே வாசித்துக்கொள்ளுங்கள்' என்று பக்கத்தைப் புரட்டிவிடும் வழக்கம் நம்மிடமும் இருந்ததுண்டு. அந்த வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவி நாளை ஆஸ்பத்திரி மேசையின் முன்னே நிற்பாள். அவளிடம் ஒரு பத்திரத்தை நீட்டிக் கையொப்பம் கேட்பார்கள். அதில் எழுதியிருப்பது யாது, வேறு வழிகள் எவை, மறுக்கத் தனக்கு உரிமையுண்டா என்று கேட்கும் துணிவு அவளுக்கு வேண்டும். நாம் புரட்டிவிட்ட பக்கத்தைத் திரும்ப விரிப்போம். அத்துணிவு அங்கேதான் தொடங்குகின்றது.