கீழச்சேரி ஞானம்மா – நம்ம மாவட்டத்து முன்னோடித் தாய்



மலருக்குக் கட்டுரை எழுதணும் என்று பேச்சு வந்தபோது, "நம்மைப் போல ஒரு அம்மாவைப் பற்றி எழுதுங்க, பெரிய ராணி, மந்திரி எல்லாம் வேண்டாம்" என்று கூட்டத்தில் சொன்னாங்க. அப்படி ஒருவர் நம்ம திருவள்ளூர் மாவட்டத்திலேயே வாழ்ந்திருக்கிறார். பெயர் ஞானம்மா. ஐந்து ஆண் பிள்ளைகளைப் பெற்ற தாய். முப்பத்தேழு வயதில் கணவரை இழந்தவர். பெண்பிள்ளைகளும் ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகளும் பள்ளிக்கூட வாசலையே பார்க்காத காலத்தில், அவர்களுக்காகப் பள்ளிக்கூடம் திறந்தவர்.

கடம்பத்தூர் ஒன்றியத்தில், மப்பேடு பக்கத்தில் இருக்கிறது கீழச்சேரி. கத்தோலிக்கக் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழும் ஊர். அவர்களில் பலருக்கு வீட்டு மொழி தெலுங்கு. பள்ளிப்பட்டுப் பக்கம் இருக்கிற நமக்கு இது ஒன்றும் புதுசு இல்லை. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி தாலுகா சித்தூர் மாவட்டத்திலிருந்து நம்ம மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, நம்ம தெருவில் அத்தையும் இருக்காங்க, அத்தம்மாவும் இருக்காங்க. பாட்டியும் உண்டு, அவ்வாவும் உண்டு. குழுக் கூட்டத்தில் ஒருத்தர் தமிழில் கேட்பார், இன்னொருத்தர் தெலுங்கில் பதில் சொல்வார். கணக்கு மட்டும் சரியாக இருக்கும்! ஞானம்மாவும் அப்படி இரண்டு மொழிக்கும் நடுவே வாழ்ந்த பெண்தான்.

அவர் பிறந்தது 1822-இல், ஆந்திராவில் குண்டூர் பக்கம் இருக்கிற பிரங்கிபுரத்தில். 1837-இல் கல்யாணம். வயது பதினைந்து. மாப்பிள்ளை கீழச்சேரியைச் சேர்ந்த இன்னய்யா. இன்றைக்குக் குண்டூருக்கும் சென்னைக்கும் ரயிலில் போனாலே சுமார் நானூறு கிலோமீட்டர். அன்றைக்கோ ரயிலே கிடையாது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டு, நம்ம திருவள்ளூர் வழியாக வாலாஜா ரோடு வரை ஓடியது 1856 ஜூலை 1-ஆம் தேதிதான். அதற்குப் பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாலேயே, அந்தப் பதினைந்து வயசுப் பெண் அம்மா வீட்டை விட்டு அவ்வளவு தூரம் வந்துவிட்டார். தாய் வீட்டுக்கு நினைத்தபோது போய்வர முடியாத வாழ்க்கை எப்படி இருக்கும் என்று நம்மில் பல பேருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஐந்து பிள்ளைகள் பிறந்தாங்க. ஜெபம், பூசை, பிள்ளை வளர்ப்பு, வீட்டு வேலை என்று நாள் போனது. பிள்ளைகளில் இரண்டு பேர் பின்னாளில் குருக்கள் ஆனாங்க. வீட்டில் பக்தி எப்படி இருந்தது என்று அதிலிருந்தே தெரியும்.

1859-இல் இன்னய்யா காலமானார்.

அந்தக் காலத்தில் கணவன் போய்விட்டால் பெண் என்ன ஆவாள்? விதவை மறுமணச் சட்டம் 1856-லேயே வந்துவிட்டது. சட்டம் வந்ததே தவிர, ஊர் மாறவில்லை. நல்ல காரியத்தில் முன்னால் நிற்கக் கூடாது, எதிரில் வரக் கூடாது, மூலையில் இரு என்பதுதான் வழக்கம். வேதத்தில் சேர்ந்த குடும்பங்களிலும் பழைய வழக்கம் லேசில் போய்விடாது. சாமி மாறினாலும் சாதியும் சம்பிரதாயமும் கூடவே வந்துவிடும். கோயிலுக்குள்ளேயே சாதிக்கு ஒரு பக்கம் என்று உட்கார்ந்த ஊர்கள் நம்ம தமிழ்நாட்டில் பல உண்டு.

ஞானம்மா மூலையில் உட்காரவில்லை. நாலு வருஷம் கழித்து, 1863-இல், கீழச்சேரியில் பள்ளிக்கூடம் தொடங்கினார். யாருக்கு? பெண்பிள்ளைகளுக்கும், தலித் வீட்டுப் பிள்ளைகளுக்கும். அப்போது அவருக்கு நாற்பத்தொரு வயது.

இது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். அவர் பள்ளிக்கூடம் தொடங்கி நாற்பது வருஷம் ஆகப்போகும் நேரத்தில், 1901-இல் மக்கள்தொகைக் கணக்கு எடுத்தாங்க. அப்போதுகூட இந்தியா முழுக்க நூறு பெண்களில் ஒருத்திக்குக்கூட எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு சதவீதத்துக்கும் கீழே! பூனாவில் சாவித்திரிபாய் பூலே 1848-இல் பெண்களுக்குப் பள்ளி நடத்தத் தொடங்கியதைப் புத்தகத்தில் படிக்கிறோம், படிக்க வேண்டியதுதான். அதற்குப் பதினைந்தே வருஷத்தில் நம்ம மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஒரு விதவைத் தாய் அதே வேலையைச் செய்திருக்கிறார். அது மட்டும் நம்மில் அதிகம் பேருக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கூடம் என்றால் டீச்சர் வேண்டும். வயசுக்கு வந்த பெண்ணை ஆண் வாத்தியாரிடம் அனுப்ப அன்றைக்கு எந்த வீட்டில் சம்மதிப்பாங்க? பெண்பிள்ளை படிக்க வரணும் என்றால், சொல்லிக்கொடுப்பவரும் பெண்ணாக இருக்கணும். படித்த பெண்களோ ஊரில் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். ஆகவே சொல்லிக்கொடுக்கத் தயாரான பெண்கள் ஒன்றுசேர்ந்து, அதையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்டால்தான் பள்ளி நிலைக்கும். ஞானம்மாவின் பள்ளியிலிருந்து அப்படி ஒரு பெண்கள் சபையே உருவானது. அதுதான் சென்னை புனித அன்னாள் சபை. சபையும் 1863-ஐத்தான் தன் தொடக்க வருஷமாகச் சொல்கிறது.

சபைக்கு வைத்த பெயரைக் கவனியுங்க. அன்னாள் யார்? மாதாவைப் பெற்ற அம்மா. அப்படியானால் இயேசுவுக்குப் பாட்டி. வேதாகமத்தைப் புரட்டிப் பார்த்தால் இந்தப் பாட்டியின் பெயர் எங்கேயும் இருக்காது. சுவக்கீன், அன்னாள் என்ற தாத்தா பாட்டி பெயர்களெல்லாம் பழைய கிறிஸ்தவர்கள் வழிவழியாகச் சொல்லி வந்தவை. ஏட்டில் பெயர் இல்லாவிட்டாலும் ஜனங்கள் அந்தப் பாட்டியை மறக்கவில்லை. ஜூலை 26-ஆம் தேதி திருநாள் கொண்டாடுறாங்க. அதை ஒட்டி, தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்கும் என்று ஒரு உலக நாளை 2021-இல் போப் பிரான்சிஸ் ஏற்படுத்தினார்.

ஞானம்மா பிறகு தான் பிறந்த பிரங்கிபுரத்திலும் பெண்பிள்ளைகளுக்குக் கல்வி கிடைக்க வழி செய்தார். புகுந்த ஊருக்குச் செய்ததைப் பிறந்த ஊருக்கும் செய்துவிட்டார். அங்கேயும் அன்னாள் பெயரில் ஒரு சபை வளர்ந்தது. 1874 டிசம்பர் 21-ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் இருக்கும்போது இறந்துபோனார். வயது ஐம்பத்திரண்டு. பள்ளிக்கூடம் தொடங்கி அவர் வாழ்ந்தது பதினோரு வருஷம்தான். 2014-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவருக்கு 'இறை ஊழியர்' என்ற பட்டம் கொடுத்தது. புனிதர் என்று அறிவிக்கும் வழியில் அது முதல் படி.

பதினோரு வருஷ வேலை எப்படி நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் நிற்கிறது? அவர் தொடங்கிய சபையின் சகோதரிகள் இன்றைக்கும் பள்ளிகள் நடத்துறாங்க. சென்னை மாதவரத்தில் பெண்களுக்கென்று கல்லூரியே இருக்கிறது. ஞானம்மா தனியாக நின்று தர்மம் மட்டும் செய்துவிட்டுப் போயிருந்தால், அவரோடு அது முடிந்திருக்கும். நாலு பெண்களைக் கூட்டிச் சேர்த்து, ஒரு ஒழுங்கு வைத்து, தனக்குப் பின்னால் நடத்த ஆள் வைத்துவிட்டுப் போனார். அதனால் நிற்கிறது.

இந்த விஷயம் நமக்கு நல்லாவே புரியும். 1989-இல் தர்மபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கி, 1997-98-இலிருந்து மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்கப் பரவியபோது, நம்மைக் கேலி பேசாத ஆம்பிளை உண்டா? "பொம்பளைங்க கூட்டம் நாலு நாளைக்கு" என்றாங்க. ஒழுங்கான கூட்டம், ஒழுங்கான சேமிப்பு, உள்கடன், தவணை தவறாமல் திருப்பிக் கட்டுவது, சரியான கணக்கு என்ற ஐந்தையும் நாம் விடாமல் பிடித்ததால் இன்றைக்குக் கூட்டமைப்பாக நிற்கிறோம். ஊக்குநரும் பிரதிநிதியும் மாறினாலும் குழு நடக்கிறது.

ஆனால் சகோதரிகளே, இரண்டு விஷயத்தில் நாம் இன்னும் ஞானம்மாவுக்குப் பின்னால்தான் இருக்கிறோம். மனசில் பட்டதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீங்க.

ஒன்று, குத்துவிளக்கு. ஆண்டு விழா என்றால் விளக்கேற்ற ஐந்து பேரைக் கூப்பிடுகிறோம். அப்போது கணவனை இழந்த உறுப்பினர்கள் தாங்களாகவே இரண்டு அடி பின்னால் போய்விடுறாங்க. யாரும் போகச் சொல்லவில்லை. ஆனால் யாரும் "வாங்கக்கா" என்று கையைப் பிடித்து இழுப்பதும் இல்லை. கடன் கட்டுவதில் முதல் ஆள், கூட்டத்துக்கு வருவதில் முதல் ஆள், விளக்கேற்ற மட்டும் கடைசி ஆளா? 1863-இலேயே ஒரு விதவைத் தாய் ஊருக்கு முன்னால் நின்றிருக்கிறார். நாம் ஒரு தீக்குச்சியைக் கொடுக்கத் தயங்கலாமா?

இரண்டாவது, பதிவேடு. நம்ம தீர்மானப் புத்தகத்தில் வட்டியும் அசலும் இருக்கிறது. முதன்முதலில் வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்த அந்தப் பாட்டிமார்களின் கதை இல்லை. கைநாட்டு வைத்தே குழுவைத் தொடங்கி, பேத்தியிடம் கேட்டுக் கையெழுத்துப் பழகியவங்க நம்மிடையே இருக்காங்க. அவங்க போய்விட்டால் யாரிடம் கேட்பது? ஞானம்மாவை அவர் சபை மறக்காமல் வைத்திருந்ததால்தான் இன்றைக்கு நான் எழுத முடிகிறது. நம்ம அவ்வாக்களை நாம்தானே எழுதி வைக்கணும்?

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு குழுவும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்க. குழுவிலேயே மூத்த அம்மாவை உட்கார வைத்து, எந்த ஊரில் பிறந்தாங்க, எப்படி வந்தாங்க, முதல் சேமிப்பு எவ்வளவு, யார் திட்டினாங்க, யார் துணைக்கு நின்றாங்க என்று கேட்டு எழுதுங்க. தமிழில் சொன்னால் தமிழில் எழுதுங்க. தெலுங்கில் சொன்னாலும் எழுதிக்கொள்ள நம்மிடம் ஆள் இருக்கிறது. எழுதத் தெரியாத குழுவுக்கு, படிக்கிற நம்ம பெண்பிள்ளைகள் வந்து எழுதிக் கொடுக்கட்டும். அதற்குத்தானே அவங்களைப் படிக்க வைக்கிறோம்.

அடுத்த ஆண்டு விழாவில், கணவனை இழந்த ஒரு மூத்த உறுப்பினர் முதல் திரியை ஏற்றட்டும். கூட்டமைப்புக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே போடுவோம்.