இரண்டரை அடி

தைவானின் ரயில் சரித்திரம் என்று எழுதப்படுவது பெரும்பாலும் மேற்குக் கரையின் சரித்திரம்தான். 1891இல் கீலுங்கிலிருந்து தைபே, 1908இல் வடக்கிலிருந்து தெற்குவரை முழுப்பாதை. இவ்விரண்டையும் சொல்லிவிட்டால் மீதி தானாக வந்துவிடும் என்கிற தோரணை. கிழக்கே, ஹுவாலியனைத் தலைமையிடமாகக் கொண்ட ரயில் நிர்வாகம் அதில் ஓர் அடிக்குறிப்பு. எனக்கு அந்த அடிக்குறிப்புதான் முக்கியமாகப் படுகிறது.

காரணம் ஓர் அளவு. மேற்கில் தண்டவாளங்களுக்கிடையே 1067 மில்லிமீட்டர். கிழக்கில் 762, அதாவது இரண்டரை அடி. 1909இல் வேலையைத் தொடங்கிய ஜப்பானிய அரசுக்குச் செலவு குறைய வேண்டும், அவ்வளவுதான். தெற்குக் கோடியில் ஒரு சர்க்கரைக் கம்பெனி போட்டிருந்த பாதையை 1922இல் அரசு விலைக்கு வாங்கிற்று. 1926இல் ஹுவாலியனிலிருந்து தைதுங்வரை, சுமார் 170 கிலோமீட்டர், பாதை முழுமையாயிற்று. இரு மலைத்தொடர்களுக்கிடையே ஒரு பள்ளத்தாக்கு. இரு முனையிலும் மேற்கின் ரயிலோடு சேராத ரயில். தைபேயிலிருந்து வருகிறவன் சுஆவ்வரை ரயிலில் வந்து, பிறகு கப்பலேற வேண்டும். 1932க்குப் பின், கடலோரச் செங்குத்துப் பாறையில் வெட்டிய சாலையில் பஸ். அந்தச் சாலையிலும் ஒரு பக்கத்து வண்டிகள் போய் முடியும்வரை எதிர்ப்பக்கம் காத்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் ரயில் இலாகா தனி ராஜ்ஜியமாகத்தான் இருக்க முடியும். எஞ்சினும் பெட்டியும் அதன் அளவுக்கே. அந்தக் குறுகல் வண்டியில் படுக்கைப் பெட்டிகள்கூட ஓடின என்பதை நினைத்தால் சிரிப்பும் மரியாதையும் சேர்ந்தே வருகின்றன.

ஆனால் இதைத் தன்னாட்சியின் பொற்காலம் என்று பாட நான் தயாரில்லை. 1908 டிசம்பரில் ஹுவாலியனை அடுத்த சிகசுவான் என்ற அமிஸ் பழங்குடிக் கிராமம் ஜப்பானியரை எதிர்த்துக் கிளம்பிற்று. அடக்கப்பட்டது, ஜனங்கள் சிதறடிக்கப்பட்டார்கள். மறு வருஷம்தான் தண்டவாள வேலை தொடங்கியது. சிகசுவானின் நிலத்தில் 1910இல் ஜப்பானியக் குடியேறிகளின் யோஷினோ எழுந்தது. அவர்கள் போனபின், 1948இல், யோஷினோ ஜிஆன் ஆயிற்று. ஒரு மண்ணுக்கு மூன்று பெயர்கள். ரயில் அட்டவணையில் இருப்பது கடைசிப் பெயர்.

1980 பிப்ரவரியில் வட இணைப்புப் பாதை மலைகளைக் குடைந்துகொண்டு ஹுவாலியனை அடைந்தது. இரண்டு வருஷம் இரண்டு அளவுகளும் அங்கே முகத்தோடு முகம் நின்றன; பிரயாணி இறங்கி வண்டி மாற வேண்டும். 1982இல் பள்ளத்தாக்குப் பாதை முழுவதும் 1067க்கு அகலமாயிற்று. பழைய பெட்டிகள் சிலவற்றுக்கு அகலச் சக்கரம் மாட்டி ஓட்டினார்கள். நிர்வாகத்துக்கு அப்படி மாட்ட ஒன்றுமில்லை. 1932இல் கட்டிய அதன் அலுவலகம் இன்று ரயில் கலாசாரப் பூங்கா. ஹுவாலியன் இன்று பல இயக்கப் பிரிவுகளில் ஒன்று.

முன்னேற்றம் என்பார்கள். மறுக்கவில்லை. 1991இல் தெற்கு இணைப்பும் முடிந்து தீவைச் சுற்றி வளையம் பூர்த்தியாயிற்று. 2014இல் தைதுங்வரை மின்சாரம். 2024 ஜனவரியில் ரயில் இலாகாவே கம்பெனியாயிற்று. ஆனால் பண்டிகை விடுமுறைகளில் கிழக்கே போகும் இருக்கைகளைச் சுற்றுலாக்காரர்கள் பிடித்துக்கொள்ள, ஊர்க்காரனுக்கு டிக்கெட் கிடைப்பதில்லை. தான் ஹுவாலியன், தைதுங் வாசிதான் என்று அடையாள அட்டையால் நிரூபிக்கிறவர்களுக்கு மட்டும் தனி ரயில்கள் விட வேண்டியதாயிற்று. இரண்டரை அடிப் பாதையில் யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்களைத் தவிர ஏற அதிகம் பேர் இல்லை.