ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிய பிறகு

அக்கா எப்படி இருக்கிறார் என்று பலர் கேட்டிருந்தீர்கள். இப்போது நலம். நடந்ததைச் சொல்லிவிட்டு, அதையொட்டிக் கொஞ்சம் சரித்திரமும் சொல்கிறேன். வாத்தியார் புத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் அக்காவை ஒரு மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் செய்து அழைத்து வந்தோம். கையில் ஒரு பைல், பை நிறைய மாத்திரை. நர்ஸம்மாவுக்கு டியூட்டி மாறும் நேரம். "எல்லாம் சீட்டுல எழுதியிருக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் அக்கா ஏற்கெனவே சாப்பிட்டுவந்த பிரஷர் மாத்திரை இருந்தது. அதை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பழையதையும் புதியதையும் சேர்த்தே போட்டுக்கொண்டார். நான்காம் நாள் காலை கொல்லைப்பக்கம் போனவர் தலைசுற்றி விழுந்துவிட்டார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் பெண் அன்று வந்தார். பிரஷரைப் பார்த்துப் பதறி, கிராம சுகாதார நர்ஸுக்குப் போன் போட்டார். அவர் வந்து இரண்டு அட்டைகளையும் திருப்பிப் பார்த்தார். "ரெண்டும் ஒரே மருந்து சார், கம்பெனி பேருதான் வேற." அந்தப் பைலை நான் இரண்டு முறை படித்திருந்தேன். முப்பத்தாறு வருடம் உங்கள் விடைத்தாள்களில் தப்புக் கண்டுபிடித்தவன்!

கை விளக்கேந்திய காரிகை நைட்டிங்கேல் பாடத்தை ஆண்டுதோறும் நடத்துவேன். கிரிமியப் போரோடு மணி அடித்துவிடும். அதற்குப் பின் லிவர்பூலில் நடந்ததை உங்களுக்குச் சொன்னதே இல்லை.

1859இல் அந்த ஊரின் பெரிய வணிகர் வில்லியம் ராத்போனின் மனைவி நோயில் இறந்தார். கடைசி நாட்களில் வீட்டிலேயே இருந்து கவனித்தவர் மேரி ராபின்சன் என்ற நர்ஸ். பணம் இருந்த தன் வீட்டிலேயே ஒரு நர்ஸ் இத்தனை ஆறுதலாக இருந்தாரே, ஏழைகள் என்ன செய்வார்கள் என்று ராத்போனுக்குத் தோன்றியது. அதே மேரியை, ஏழைகளின் வீடுகளுக்குப் போய்ப் பார்க்கும்படி மூன்று மாதத்துக்கு அமர்த்தினார். ஒரு மாதத்தில் மேரி அழுதுகொண்டு திரும்பி வந்தார். கண்ணால் பார்க்கும் துயரம் தாங்கவில்லை, விட்டுவிடுங்கள் என்றார். ராத்போன் சமாதானம் சொல்லி அனுப்பினார். மூன்று மாதம் முடிந்தபோது, இனி இந்த வேலையை விட மாட்டேன் என்று சொன்னவரும் அதே மேரிதான்.

இன்னும் பலர் தேவைப்பட்டார்கள். பயிற்சி பெற்ற நர்ஸுகள் கிடைக்கவில்லை. ராத்போன் நைட்டிங்கேலுக்குக் கடிதம் எழுதினார். உங்கள் ஊர் மருத்துவமனையிலேயே பயிற்சி கொடுங்கள் என்று யோசனை சொன்னார் அந்த அம்மையார். 1862இல் பயிற்சிப் பள்ளி உருவாயிற்று. நகரத்தை 18 வட்டாரங்களாகப் பிரித்து நர்ஸுகளை அனுப்பினார்கள். எனக்கு இதில் பிடித்த விஷயம் ஒன்று உண்டு: வார்டில் வேலை பார்த்தவர்களும் தெருவில் நடந்தவர்களும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரிந்திருக்கும்.

1893இல் நியூயார்க்கில் லிலியன் வால்டும் மேரி புரூஸ்டரும் இதே வேலையைத் தொடங்கினார்கள். அது தனிப் பதிவாகவே எழுதவேண்டிய கதை, பிறகு பார்ப்போம்.

காலப்போக்கில் மருத்துவமனைகள் பெருகின. வார்டு ஒரு உலகம், வீடு ஒரு உலகம் என்றாகிவிட்டது. இந்த இடைவெளியை ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டவர்கள் பிலடெல்பியாவின் நர்ஸ் பேராசிரியைகள். டாரத்தி புரூட்டன் குழு 1986இல் வெளியிட்ட ஆய்வில், மிகக் குறைந்த எடையில் பிறந்த குழந்தைகளைச் சராசரியாக 11 நாள் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பினார்கள். தேர்ந்த நர்ஸ் ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார், போனிலும் கிடைப்பார். சீக்கிரம் அனுப்பியதால் குழந்தைகளுக்குக் கெடுதல் எதுவும் வரவில்லை.

பிறகு மேரி நெய்லர் அதை முதியவர்களிடம் செய்து பார்த்தார். 1999இல் வெளிவந்த ஆய்வில் 363 பேர், எல்லோரும் 65 வயதைத் தாண்டியவர்கள். நோயாளி படுக்கையில் இருக்கும்போதே ஒரு நர்ஸ் வந்து பழகுவார். வீட்டுக்குப் போனபின் வருபவரும் அவரேதான். மருத்துவருடன் பேசுவதும் அவர் பொறுப்பு. செய்தி கைமாறும் இடத்தில்தானே தவறிப்போகிறது? இங்கே கையே மாறவில்லை. 24 வாரத்துக்குள் மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் சாதாரண முறையில் நூற்றுக்கு 37 பேர், இந்த முறையில் 20 பேர்.

அந்த வார்டு நர்ஸம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். அன்று அவர் எத்தனை கட்டிலைப் பார்த்தாரோ. ஆனால் ஐந்து நிமிடம் நின்று, "வீட்டுல என்ன மாத்திரை இருக்கு?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அக்கா விழுந்திருக்கமாட்டார்.

எங்கள் கிராம நர்ஸ் அதைத்தான் செய்தார். பைலில் இருந்த எண்ணுக்குப் போன் செய்து, வார்டில் இருந்தவரிடம் ஒவ்வொரு மாத்திரையாகக் கேட்டுச் சரிபார்த்தார். பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் காலை, மதியம், இரவு என்று தமிழில் கட்டம் போட்டு எழுதி, அக்காவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அது இப்போது பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. பழைய மாத்திரை அட்டையை மட்டும் எங்களிடம் கொடுக்காமல் தன் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.