ஏலக்காயின் பசுமையும் மக்னீசியம்–நைட்ரஜன் பிணைப்பும்

போடிநாயக்கனூர் ஏலத்தில் ஏலக்காயின் விலையைத் தீர்மானிப்பவற்றுள் பச்சை நிறம் முதன்மையானது. ஏலமலைத் தோட்டங்களில் பறித்த பச்சைக்காய், 'ஸ்டோர்' எனப்படும் உலர்கூடத்தில் சுமார் 45 முதல் 55 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் காய்கிறது. அங்கே நிறம் மங்குவதை வெப்பத்தின் விளைவாக மட்டும் கொள்வது வழக்கம். ஆனால் காயை முதலில் 2 விழுக்காடு சலவைச் சோடாக் கரைசலில் பத்து நிமிடம் ஊறவைத்தால், அதே வெப்பத்திலும் பசுமை கூடுதலாக நிற்கிறது. காரம் காப்பாற்றுகிறது என்றால் கெடுப்பது அமிலம். காயின் திசு சிதையும்போது வெளிப்படும் அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் இரண்டு, பச்சைய மூலக்கூறின் நடுவிலுள்ள மக்னீசியத்தை வெளியேற்றி அவ்விடத்தைப் பிடிக்கின்றன. எஞ்சுவது பழுப்பு கலந்த ஃபியோஃபைடின். வெப்பம் இவ்வினையை விரைவுபடுத்துகிறது, அவ்வளவே. ஒளியால் நேரும் சிதைவைக் காரணம் காட்டுவோருக்கு விடை எளிது: அது காயை வெளுக்கச் செய்யும், பழுப்பாக்காது.

மக்னீசியம் இவ்வளவு எளிதில் ஏன் வெளியேறுகிறது என்பதே விவாதத்துக்குரியது. விடை அதன் பிணைப்பின் இயல்பில் உள்ளது. பாடநூல்கள் பச்சையத்தை வரையும்போது மக்னீசியத்தை இரு நைட்ரஜன்களோடு முழுக்கோட்டாலும் மற்ற இரண்டோடு புள்ளிக்கோட்டாலும் இணைக்கின்றன. இதை அப்படியே ஏற்கும் ஒரு மரபு, இரண்டு சகப்பிணைப்பு, இரண்டு ஈதல் சகப்பிணைப்பு என்று பிரிக்கிறது. ஃபியோஃபைடினில் இரு நைட்ரஜன்கள் மட்டுமே ஹைட்ரஜனை ஏற்பதை அது சான்றாகக் காட்டுகிறது.

இச்சான்று செல்லாது. விளைபொருளின் அமைப்பைக் கொண்டு மூலப்பொருளின் பிணைப்பை முடிவு செய்ய இயலாது. பச்சையத்தின் நான்கு நைட்ரஜன்களையும் தாங்கும் வளையத்தைப் போன்ற போர்பிரின் வளையங்களில் இந்த ஹைட்ரஜன்களே நைட்ரஜன்களுக்கிடையே இடம் மாறுபவை. உலோகம் அமர்ந்திருக்கையில் வளையம் இரு எதிர்மின்சுமை கொண்டது. அச்சுமை எந்த இரு நைட்ரஜன்களுக்கும் தனியுரிமை அல்ல, நான்கிலும் பரவியுள்ளது. பச்சையத்தின் வழிப்பொருளான எத்தில் குளோரோஃபில்லைடுக்கு 1975இல் வெளியான படிக அமைப்பும் இதையே சுட்டுகிறது. அதில் மக்னீசியம்–நைட்ரஜன் தொலைவுகள் சுமார் 2.0 முதல் 2.2 ஆங்ஸ்ட்ரம் வரை உள்ளன. ஒடுக்கமடைந்த வளையத்தின் நைட்ரஜன் மட்டும் சற்றே விலகி நிற்கிறது. இரண்டுக்கு இரண்டு என்ற பிரிவினை தென்படவில்லை. படிகத்தில் கண்டது காய்த்தோலில் புரதத்தோடு இணைந்துள்ள பச்சையத்துக்கும் முழுமையாகப் பொருந்தும் என்று சொல்வதில் எச்சரிக்கை தேவை. எனினும் பழைய வாசிப்புக்கு அங்கிருந்தும் ஆதரவு கிடைப்பதாகத் தெரியவில்லை.

செம்பு இவ்விவாதத்தைத் தீர்க்கிறது. மக்னீசியத்தின் இடத்தில் செம்பைப் பொருத்தினால் பசுமை அமிலத்திலும் நிலைக்கும். படத்தில் இரண்டும் ஒரே கோடுகளையே பெறுகின்றன. ஆறு அணைவுநிலையில் மக்னீசிய அயனியின் ஆரம் 0.72 ஆங்ஸ்ட்ரம், செம்பு அயனியின் ஆரம் 0.73, ஆகவே அளவும் காரணமன்று. வேறுபாடு எலக்ட்ரான் கவர்தன்மையில் உள்ளது. பாலிங் அளவீட்டில் நைட்ரஜன் 3.04, செம்பு 1.90, மக்னீசியம் 1.31. மக்னீசியத்துக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள இடைவெளி 1.73, செம்புக்கு 1.14 மட்டுமே. மக்னீசியப் பிணைப்பில் அயனித்தன்மை மிகுதி, எலக்ட்ரான் பகிர்வு குறைவு. எனவே நைட்ரஜனின் எலக்ட்ரான் இணையை ஹைட்ரஜன் அயனி எளிதில் கவர்ந்துகொள்கிறது. செம்போ தன் டி-எலக்ட்ரான் மட்டங்களின் துணையோடு பகிர்வை வலுவாகப் பற்றுகிறது.

பச்சையத்தின் படத்தில் நான்கு பிணைப்புகளும் ஒரே வகைக் கோட்டால் வரையப்பட வேண்டும். முழுக்கோடு, புள்ளிக்கோடு என்ற பாகுபாடு பாடநூல்களிலிருந்து நீக்கத்தக்கது.