மூலைக்கடையிலிருந்து ஓர் இசைக்குழு

இங்கிலாந்தில் 'கோர்னர் ஷொப்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தங்கள் உண்டு. ஒன்று, தெருமுனையில் பாலும் பாணும் பத்திரிகையும் சிகரெட்டும் விற்கின்ற, இரவு வெகுநேரம் வரை திறந்திருக்கின்ற சிறு கடை. மற்றது, அக்கடையின் கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் மண்ணிற மனிதன். இந்த இரண்டாவது அர்த்தம் அகராதியில் இல்லை. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் வெள்ளையரின் மனதில் எழும் உருவம் அதுதான். குஜராத்தியரும் பஞ்சாபியரும் நின்ற அந்த இடத்தில் எண்பதுகளுக்குப் பின் எம்மவரும் நிற்கத் தொடங்கியதை வாசகர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்தப் பெயரையே 1991 இல் ஓர் இசைக்குழு தனக்குச் சூட்டிக்கொண்டது. ஏளனத்துக்கு வைத்த பெயரை எடுத்துத் தன் நெற்றியில் ஒட்டிக்கொள்வது ஒருவகைத் துணிச்சல்.

குழுவின் பாடகரும் பாடல்களை எழுதுபவருமான ரிஜிந்தர் சிங் 1968 இல் வுல்வர்ஹாம்ப்ரனில் பிறந்தவர். அதே வருடம் ஏப்ரலில்தான், அந்நகரின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த ஈனக் பவல், குடியேறியவர்களால் நாடு இரத்தம் பார்க்கும் என்ற தொனியில் தனது பேர்போன உரையை பேர்மிங்ஹாமில் நிகழ்த்தினார். அந்நாட்களில் வுல்வர்ஹாம்ப்ரனின் சீக்கிய பஸ் ஊழியர்கள், தலைப்பாகையும் தாடியும் வைத்துக்கொண்டு வேலை செய்யும் உரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்தார்கள். 1969 இல்தான் அத்தடை நீங்கியது. ரிஜிந்தர் பிறெஸ்ரனில் மாணவராக இருந்தபோது பென் அயர்ஸ் என்ற இளைஞரோடு சேர்ந்தார். பின்னர் லெஸ்ரரில், சகோதரர் அவ்தார் சிங்கும் டேவிட் சேம்பர்ஸும் சேர, கோர்னர்ஷொப் உருவானது. லெஸ்ரரையும் இங்கு சும்மா கடந்து போகமுடியாது. 1972 இல் இடி அமீன் ஆசியர்களை வெளியேற்றியபோது, 'எமது நகருக்கு வராதீர்கள்' என்று உகண்டாப் பத்திரிகையில் விளம்பரம் போட்டது அந்நகரின் மாநகரசபைதான். ஆட்கள் வந்தார்கள், நகரம் அவர்களால் பிழைத்தது, இன்று தீபாவளிக்கு அங்கு தெருவெங்கும் விளக்கு.

'இன்டி' என்று சொல்லப்படும் இசையைப் பற்றி இரண்டு வார்த்தை. பெருநிறுவனங்களுக்கு வெளியே, சிறு வெளியீட்டாளர்கள் சொற்பப் பணத்தில் தட்டு அச்சிட்டுக் கடை கடையாக விற்ற பொப் இசை அது. எமது சிறுபத்திரிகைகளை நினைத்துக்கொண்டால் விளங்கும். ஆயிரம் பிரதி, கைக்காசு, தபாலில் அனுப்புதல், வாசகனே எழுத்தாளனாவது எல்லாம் அங்கும் உண்டு. கோர்னர்ஷொப்பின் முதல் தட்டுகளை வெளியிட்ட 'விஜா' நிறுவனத்தின் பெயரே, அது தோன்றிய மேற்கு லண்டன் இசைத்தட்டுக் கடையின் தபால் குறியீட்டெண்ணை எழுத்தாக வாசித்ததில் வந்தது. இந்த உலகம் முற்போக்கானதுதான். ஆனால் அதன் மேடைகளில் மண்ணிற முகங்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

அந்த உலகின் பெரிய விக்கிரகம் மொறிஸி. தனிமைப்பட்டவர்களின் கவியாக எத்தனையோ இளைஞர்கள் அவரைக் கொண்டாடினார்கள், ஆசிய இளைஞர்கள் உட்பட. அவர் 1988 இல் ஒரு வங்காளியைப் பற்றிப் பாடிய பாட்டு, அவன் இந்த நாட்டுக்குரியவன் அல்ல என்ற தொனியில் இருந்தது. 1992 ஓகஸ்டில் லண்டன் ஃபின்ஸ்பரி பார்க் மேடையில் அவர் யூனியன் ஜாக் கொடியுடன் தோன்றினார். அதை நிறவெறியர்கள் தமது சின்னமாக ஏந்தித் திரிந்த காலம் அது. அந்த வருடம் கோர்னர்ஷொப்பினர் ஈ.எம்.ஐ. நிறுவன அலுவலகத்தின் முன்னால் நின்று மொறிஸியின் படங்களைக் கொளுத்தினார்கள். விளம்பரத்துக்காகச் செய்தார்கள் என்று ஏசியவர்களும் உண்டு. இருக்கட்டும். கொளுத்தவேண்டிய நேரத்தில் வேறு யாரும் நெருப்புப் பெட்டியை எடுக்கவில்லையே!

1993 இல் முதல் தட்டு 'கறி நிறத்தில்' அச்சாகி வந்தது. 1994 இல் முதல் இசைத்தொகுப்பு. அவற்றை இன்று கேட்பவர்களுக்குப் பொறுமை வேண்டும். கிற்றார் கீறுகிறது, மேளம் ஒருபக்கம் ஓடுகிறது, குரல் சத்தத்துக்குள் அமிழ்ந்து போகிறது. கருவியைப் பழகுவதற்கு முன்னரே கோபம் வந்துவிட்ட மனிதர்களின் இசை அது. எமது புலம்பெயர் சஞ்சிகைகளின் ஆரம்பகாலக் கவிதைகள் சில ஞாபகத்துக்கு வருகின்றன. மரியாதை பெரிது, திரும்ப வாசிப்பது அரிது.

உண்மையான மாற்றம் 1995 இல் வந்த இரண்டாவது தொகுப்பில் நிகழ்ந்தது. அதன் முதற் பாட்டின் தலைப்பில் பஞ்சாபின் ஜலந்தர் நகரம் இருக்கிறது. கடைசிப் பாட்டும் அதே பாட்டின் இன்னொரு வடிவம்தான். தலைப்புகளின்படி முதலாவதுக்கு நேரம் காலை 6 மணி, கடைசிக்கு 7.20. சுருதிப் பெட்டியைத் திறந்து வைத்ததுபோல ஒரே ஸ்வரத்தில் நிமிடக்கணக்காக நிற்கிறது இசை. அதன்மேல் பஞ்சாபியில் ஒரு குரல், குருத்வாராவின் அதிகாலை போல, திரும்பத் திரும்ப. இந்த ஒரே ஸ்வர இரைச்சலை நியூயோர்க்கின் வெல்வெற் அண்டர்கிரவுண்ட் குழுவிடமிருந்து பெற்றார்கள் என்று வெள்ளை விமர்சகர்கள் எழுதினார்கள். அதுவும் சரிதான். ஆனால் தாயின் மடியில் தூங்கிக்கொண்டே அதைக் கேட்டு வளர்ந்தவனுக்கு நியூயோர்க் எதற்கு? கத்துவதை நிறுத்திவிட்டு அவர்கள் தமது வேகத்தைக் கண்டுபிடித்தது இங்குதான். அமெரிக்காவில் டேவிட் பேர்ன் தனது லுவாக்கா பொப் நிறுவனத்தின் மூலம் இவர்களை வெளியிட்டார்.

1997 செப்ரெம்பரில் மூன்றாவது தொகுப்பு. 'பிறிம்ஃபுல் ஒஃப் ஆஷா' அதில்தான் இருக்கிறது. இந்திப் பின்னணிப் பாடகி ஆஷா போஸ்லேயைப் பற்றி, மூன்று கோர்ட்டில், அவசரமில்லாமல் பாடப்பட்ட பாட்டு. லதாவும் ரஃபியும் அதில் பெயர் சொல்லப்படுகிறார்கள். ஜமெய்க்க இசையை வெளியிட்ட ட்ரோஜன் நிறுவனமும், 45 சுற்று இசைத்தட்டும் வருகின்றன. ஒரு குடியேறிய வீட்டின் இசைத்தட்டு அடுக்கு அப்படியே பாட்டாகியிருக்கிறது. அகில இந்திய வானொலியும் வருகிறது. இந்த இடத்தில் எமக்கு ஒரு சிரிப்பு வரவேண்டும். ஐம்பதுகளில் அமைச்சர் கேஸ்கர் காலத்தில் அதே வானொலி சினிமாப் பாட்டுகளை ஒதுக்கித்தள்ளியபோது, அவற்றை இந்தியா முழுவதற்கும் ஒலித்தது கொழும்பிலிருந்த இலங்கை வானொலியின் இந்திச் சேவை. 1952 இல் தொடங்கிய 'பினாகா கீத்மாலா'வுக்காக வட இந்தியா ரேடியோப் பெட்டியைச் சுற்றி அமர்ந்தது. ஆஷா எமக்கும் அந்நியர் அல்லர். 'எங்க ஊரு பாட்டுக்காரன்' (1987) படத்தில் இளையராஜா இசையில் அவர் பாடியதைக் கேட்காத தமிழ் வீடு உண்டா?

முதலில் அந்தப் பாட்டு பிரித்தானிய விற்பனை வரிசையில் 60 ஆவது இடத்தோடு நின்றது. பி.பி.சி. வானொலியில் ஜோன் பீலின் நேயர்கள் மட்டும் 1997 இன் மிகச்சிறந்த பாட்டாக அதைத் தெரிந்தார்கள். பிறகு நோர்மன் குக் அதைக் கையில் எடுத்தார். வேகம் கூடியது, குரலின் சுருதி மேலே ஏறியது, கனத்த நடன மேளம் சேர்ந்தது. 1998 பெப்ரவரியில் அந்த வடிவம் முதலாவது இடம். மதுச்சாலைகளிலும் உதைபந்தாட்ட மைதானங்களிலும் எல்லோரும் ஆடினார்கள். ஆஷா யாரென்று ஆடியவர்களில் எத்தனைபேருக்குத் தெரியும்? குக்கின் வேலையை நான் குறைசொல்லவில்லை. அது சந்தோஷமான வேலை, அது இல்லையேல் இக்கட்டுரையே இருக்காது. ஆயினும் எமக்குக் கதவு திறக்கும்போதெல்லாம் கொஞ்சம் வேகமாக நடந்து உள்ளே வரச்சொல்கிறார்கள் என்பதும் உண்மை. மெதுவான மூலத்தில்தான், பாடுபவன் யாரை வணங்குகிறான் என்பது கேட்கிறது.

அதே தொகுப்பின் கடைசிப் பாட்டு இன்னும் குறும்பானது. பீற்றில்ஸ் குழுவினர் 1965 இல் 'நோர்வீஜியன் வூட்' பாட்டில் சித்தாரைப் புகுத்தி மேற்கை வியக்கவைத்தார்கள். கோர்னர்ஷொப் அப்பாட்டை முழுவதும் பஞ்சாபியில் பாடி, இரவல் வாங்கியதை வீட்டுக்குத் திருப்பி எடுத்துக்கொண்டது. கோபம் போய்விட்டது என்று நினைத்தவர்கள் இதைக் கவனிக்கவில்லை.

பெரிய வெற்றிக்குப் பின் அதேபோல் இன்னொன்று செய்யச் சொல்லித்தான் எல்லோரும் கேட்பார்கள். அவர்கள் 1999 இல் கிளின்ரன் என்ற வேறு பெயரில் டிஸ்கோ இசை செய்தார்கள். 2002 இல் வந்த தொகுப்பில் நோயல் கலகர் கிற்றார் வாசித்த பதினான்கு நிமிடப் பாட்டு ஒன்று இருந்தது. பின் நீண்ட இடைவெளி, 'அம்பிள் பிளே' என்ற சொந்த வெளியீடு, 2009 இல் ஒரு தொகுப்பு. அதிலெல்லாம் நல்லதும் உண்டு, சும்மா நேரம் போக்கியதும் உண்டு.

ஆனால் 2011 இல் வந்ததை விட்டுவிடமுடியாது. பப்ளி கவுர் என்ற, இசையுலகம் அறிந்திராத ஒரு பெண்ணின் குரலில், தொகுப்பு முழுவதும் பஞ்சாபி நாட்டுப்பாடல் நடை. கீழே கறுப்பு அமெரிக்காவின் ஃபங்க் மேளம். எவருக்கும் விளக்கம் எழுதப்படவில்லை. அவர் கலியாண வீட்டில் பாடுவதுபோலப் பாடுகிறார், மேளம் அதற்கேற்பக் காத்திருக்கிறது. இருபது வருடத்தில் இவர்கள் செய்தவற்றுள் ஆகச் சிறந்தது இதுவென்பது என் அபிப்பிராயம். விற்பனை வரிசையில் இதைத் தேடிப் பயனில்லை. எம் பிள்ளைகள் தமிழில் எழுதுவார்களா என்று கூட்டம் கூட்டமாகக் கவலைப்படுகிறோம். எழுத்தாக இல்லாவிட்டாலும் ஒரு மொழி சத்தமாக, தாளமாக இரண்டாம் தலைமுறையிடம் தங்கக்கூடும் என்பதற்கு இத்தொகுப்பு ஒரு சாட்சி. அது போதுமா என்பது வேறு விவாதம்.

2020 மார்ச்சில் 'இங்லண்ட் இஸ் எ கார்டன்' வெளியானது. இங்கிலாந்து ஒரு தோட்டம் என்பது பிரெக்ஸிற் நிறைவேறிய ஐந்தாவது வாரத்தில் வந்த தலைப்பு. 1995 தொகுப்பில் 'வொக்' என்ற பெயரில் ஒரு பாட்டு இருந்தது. எங்கள் தலைமுறையினர் தெருவில் கேட்ட வசைச்சொல் அது. புதிய தொகுப்பிலும் அச்சொல் ஒரு பாட்டின் தலைப்பில் திரும்ப வருகிறது, இம்முறை ஒரு படையே உலாவுவதாக. பொலிஸ் தொல்லையையும் நிறவெறியையும் பற்றிய பாட்டு. மெட்டோ காலை வெயிலில் நடப்பதுபோல இருக்கிறது. வேகம் கூட்டப்படவில்லை.