துருவேறாத சுருள்வில்

ஹனூர் நம்மில் பலருக்குப் புதிய பெயராகத் தோன்றலாம். ஆயினும் நமக்கு அது அயலூர் அன்று. இன்று கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ள இவ்வூர், 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்படும் வரையில், கொள்ளேகால் தாலுகாவோடு சென்னை மாநிலத்துக் கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அவ்வட்டாரம் பட்டுக்குப் பெயர் பெற்றது.

பட்டுப்புழுவுக்கு நோயே பெரும்பகை. ஆகவே, வளர்ப்பு மனைகளில் சலவைத்தூள் கரைத்த நீரைத் தெளித்துத் தூய்மை செய்வர். அந்நீரிலுள்ள குளோரின் கிருமிகளோடு இரும்பையும் அரிக்கும். தெளிப்பானின் வால்வை அழுத்தி மூடும் சிறு சுருள்வில் துருவேறி ஒடிந்தால் தெளிப்பு பாதியில் நிற்கும். மனையில் நோய் எஞ்சும். ஒரு வளர்ப்பின் உழைப்பு முழுவதும் பாழாகலாம். காசளவுப் பொருளில் ஒரு குடும்பத்தின் பிழைப்பு அடங்கியிருக்கிறது.

சுருள்வில்லின் இயல்பை 1678இல் இராபர்ட் ஹூக் வகுத்துரைத்தார்: விசை மிகுந்த அளவிற்கே வில்லும் நீளும் அல்லது சுருங்கும். நெடுங்காலம் கார்பன் மிகுந்த எஃகுக் கம்பியே வில்லுக்குப் பயன்பட்டது. அது வலிமையுடையது, ஆனால் துருவேறும். துத்தநாக முலாம் பூசினாலும் இடர் உண்டு. முலாமிடுங்கால் எஃகினுள் புகும் ஹைட்ரஜனை உடனே சூடேற்றி வெளியேற்றாவிடில், வில் திடீரென முறியும்.

1912இல் ஜெர்மனியின் குருப் தொழிற்சாலை குரோமியமும் நிக்கலும் கலந்த எஃகிற்குக் காப்புரிமை கோரியது. மறு ஆண்டில் இங்கிலாந்தின் ஷெபீல்டில் ஹாரி பிரியர்லி குரோமிய எஃகை உருவாக்கினார். குரோமியம் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகி எஃகைக் காக்கிறது. நம் சமையலறை எவர்சில்வரும் இக்குலத்ததே.

எனினும் எவர்சில்வர் என்ற பெயர் ஒன்றே போதாது. குளோரினும் உப்பும் படும் இடத்திற்கு, நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு மாலிப்டினம் கலந்த 316 வகையே மேலானது. காந்தம் ஒட்டினால் போலி என்று தள்ளுதலும் தவறு. குளிர்நிலையில் இழுத்த நல்ல கம்பியும் சற்றே ஒட்டும். மேலும், அதே அளவில் செய்த துருவேறா வில், கார்பன் எஃகு வில்லினும் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைந்த விசையே தரும். அதற்கேற்பக் கம்பியைச் சிறிது பருமனாகத் தேர்தல் வேண்டும்.

சலவைத்தூள் நீர் நெடுநேரம் தங்கினால் 316 வகையிலும் குழி விழும். ஆதலின் வேலை முடிந்ததும் நல்ல நீரால் தெளிப்பானைக் கழுவுவோம். தேர்ந்து வாங்கும் அறிவும் பேணிக் காக்கும் பழக்கமும் சேர்ந்தால்தான் வில் நிலைக்கும்.